மொட்டு விரிந்தால் நஷ்டம்

பூப்பண்ணை என்று சொல்லி அழைத்துப் போனால் முதலில் பூ தெரிய வேண்டும் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பார்கள். ஓசூரிலிருந்து தளிக்குப் போகும் சாலையில், ராகிக் கொல்லைகளுக்கு நடுவே நாங்கள் இறங்கிய இடத்தில் தெரிந்ததெல்லாம் பாலித்தீன். இரும்புக் குழாய்களின் மேல் இழுத்துக் கட்டிய பால்வெள்ளைக் கூரைகள் வரிசையாக நின்றன. வாசலில் ஜெனரேட்டர், தண்ணீர்த் தொட்டி, கால்சியம் நைட்ரேட் உர மூட்டைகள். நிறம் என்று சொல்ல, வேலியோரம் நட்டிருந்த பேர்ட் ஆஃப் பாரடைஸ் செடிகளின் ஆரஞ்சுக் கொண்டைகள் மட்டும்தான். அவையும் விற்பனைக்கு அதிகம் போவதில்லையாம். ‘எப்போதாவது ஐந்து நட்சத்திர ஓட்டல்காரர்கள் கேட்பார்கள்’ என்றார் பண்ணைக்காரர்.

பண்ணைக்காரர் என் நண்பனின் அண்ணன். எனக்கும் அண்ணன்தான். ஐந்து ஏக்கரில் டச்சு ரோஜாவும் ஜெர்பராவும் வளர்க்கிறார். பெங்களூருக்குப் பக்கம், கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரம், பகலில் வெயில், இரவில் குளிர். இவையெல்லாம் சேர்ந்ததால்தான் 1990-களில் கொய்மலர்த் தொழில், அதாவது காம்போடு வெட்டி விற்கும் பூத்தொழில், இந்தப் பக்கம் வந்தது. பெரிய முதலீட்டோடு வந்து கையைச் சுட்டுக்கொண்டு போனவர்கள் பலர். நிலைத்தவர்களைப் பார்த்து அக்கம்பக்கத்து விவசாயிகள் கற்றுக்கொண்டார்கள். தளி, பாகலூர், பேரிகை, கெலமங்கலம் என்று எந்தப் பக்கம் போனாலும் இன்று அந்த வெள்ளைக் கூரைகளைப் பார்க்கலாம். கூரைத்தாள் மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டியது. சித்திரை, வைகாசியில் அடிக்கும் கோடைமழைக் காற்று அதுவரை விட்டுவைத்தால்.

உள்ளே நுழைவதற்கு முன் சட்டைப் பரிசோதனை நடந்தது. என்னோடு வந்திருந்த மைத்துனன் மஞ்சள் டீ-ஷர்ட் போட்டிருந்தான். வெள்ளை ஈக்கும் அசுவினிக்கும் மஞ்சளைக் கண்டால் போதும், ஓடிவந்து ஒட்டிக்கொள்ளும். பசை தடவிய மஞ்சள் அட்டைகளைச் செடிகளுக்கு மேல் தொங்கவிட்டிருப்பதும் அந்தப் பலவீனத்தை நம்பித்தான். ‘நீ நடமாடும் அட்டை. வெளியே இருக்கிற பூச்சியெல்லாம் உன்னோடு உள்ளே வந்துவிடும்’ என்று சொல்லி அண்ணன் மாற்றுச் சட்டை தேடினார். ஆணியில் தொங்கியது நீலச் சட்டை. இலைப்பேனுக்குப் பிடித்த நிறம் நீலம். கடைசியில் காவலாளியின் வெளுத்த வெள்ளைச் சட்டைக்குள் மைத்துனன் புகுந்தான். பர்மாங்கனேட் கரைத்த தொட்டியில் செருப்போடு காலை நனைத்து, ஒரு கதவைச் சாத்திவிட்டு அடுத்த கதவைத் திறந்து, ரோஜாக் குடிலுக்குள் போனோம்.

அங்கேயும் பூ இல்லை.

இடுப்புயர மேட்டுப்பாத்திச் செடிகள் ஆயிரக்கணக்கில் நிற்கின்றன. ஒவ்வொரு காம்பின் உச்சியிலும் வெள்ளை நைலான் வலையில் ஒரு குல்லாய். மொட்டு கடலைக்காய் அளவு இருக்கும்போதே இந்தக் குல்லாயை மாட்டிவிடுகிறார்கள். வலை இழுபடும் என்பதால் மொட்டு உள்ளேயே நீண்டு, பருத்து வளர்கிறது, ஆனால் இதழ் விரிய இடமில்லை. வெட்டிக் கட்டி, பெட்டியில் அடுக்கி, வாங்குபவர் கைக்குப் போகும்வரை குல்லாய் அப்படியே இருக்கும். அண்ணன் ஒன்றைக் கழற்றிக் காட்டினார். தாஜ்மஹால் என்ற சிவப்பு ரகம். வெளியிதழ்கள் சிப்பம்போல இறுகிச் சுற்றியிருந்தன. நுனியில் ஒரே ஓர் இதழ் மட்டும் வெளிப்பக்கம் லேசாக மடங்கத் தொடங்கியிருந்தது. ‘இதுதான் வெட்டுகிற பக்குவம். சாயங்காலம்வரை விட்டால் இரண்டாவது இதழும் மடங்கும். அப்புறம் இது எனக்கு உதவாது’ என்றார். அதனால்தான் காலையில் ஒரு வெட்டு, மாலையில் ஒரு வெட்டு. ஞாயிறு, பொங்கல், சாவு வீடு எதுவும் கிடையாது.

செடியின் அடிப்பக்கம் இன்னும் விசித்திரம். மெலிந்த கிளைகளையெல்லாம் வெட்டாமல், பாத்தியின் இருபுறமும் வழியைப் பார்த்து மடக்கிவிட்டிருக்கிறார்கள். மடங்கிய கிளைகளுக்குப் பூக்கும் உரிமை கிடையாது. மொட்டு எட்டிப் பார்த்தால் கிள்ளிவிடுவார்கள். வெயிலைத் தின்று, நிமிர்ந்து வளரும் கிளைக்குச் சோறு போடுவதோடு அவற்றின் வேலை முடிகிறது. நிமிர்ந்த கிளையிலும் பக்கமொட்டுகளைக் கிள்ளி ஒன்றை மட்டும் விடுகிறார்கள். அந்த ஒன்றுக்கும் விலை அதன் முகத்தைப் பார்த்து வருவதில்லை, காம்பின் நீளத்தைப் பார்த்து வருகிறது. தரம் பிரிக்கும் மேசையில் 40, 50, 60, 70 சென்டிமீட்டர் என்று கோடு கிழித்திருக்கிறது. ஒரு கோடு குறைந்தால் விலையும் ஒரு படி இறங்கும்.

நன்றாக விரிந்த ரோஜா ஒன்றையாவது பார்த்துவிட்டுப் போகிறேன் என்றேன். ‘அதற்கு வேறு இடம் இருக்கிறது, வா தம்பி’ என்று குடிலின் பின்பக்கம் கூட்டிப்போனார். கம்போஸ்ட் குழி. முந்தின நாள் வெட்டுக்குத் தப்பியவை, காம்பு கோணியவை, குளிரில் அடிச்சாம்பல் நோய் கண்டவை எல்லாம் அங்கே கிடந்தன. சிவப்பும் மஞ்சளும் வெள்ளையுமாக, ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம், முழுதாக மலர்ந்து. பண்ணை முழுவதிலும் தேனீ மொய்த்த ஒரே இடமும் அதுதான். பூ மலர்ந்துவிட்டது என்ற சேதி இங்கே வந்தால் மேலாளருக்கு ஏச்சு விழும். பூக்கவைப்பதற்குச் செலவழிக்கும் மூளையைவிட, உரிய நேரத்துக்கு முன் பூத்துவிடாமல் தடுப்பதற்குச் செலவழிக்கும் மூளைதான் இந்தத் தொழிலில் அதிகம் என்று அந்தக் குழியோரத்தில் எனக்குத் தோன்றியது. பிறகு பார்த்ததெல்லாம் அதை உறுதிப்படுத்தவே செய்தது.

அலுவலக அறையில் இரண்டு காலண்டர்கள். ஒன்று தினசரிக் கிழிக்கும் காலண்டர், முகூர்த்த நாள்களைச் சிவப்பு மையால் வட்டமிட்டது. மற்றது உரக்கடைக்காரர் கொடுத்தது, அதில் பிப்ரவரி 14-இலிருந்து பின்னோக்கி எண்ணி வைத்திருக்கிறார். காதலர் தினத்துக்குப் பூ வேண்டுமென்றால் டிசம்பர் தொடக்கத்திலேயே கவாத்து செய்ய வேண்டும், அதாவது கிளைகளை வெட்டிவிட வேண்டும். கவாத்திலிருந்து அடுத்த மொட்டு வெட்டுக்கு வர ஏறக்குறைய இரண்டு மாதம். இதை யார் வேண்டுமானாலும் எண்ணிவிடலாம். மார்கழிக் குளிரை எண்ண முடியாது. இரவுக் குளிர் கூடினால் மொட்டு ஒரு வாரம் தள்ளிப்போகும். வெயில் கூடினால் ஒரு வாரம் முந்தும். பக்கவாட்டுத் திரைகளைச் சாயங்காலம் நாலரைக்கு இறக்குவதா ஐந்தரைக்கு இறக்குவதா என்பதில் குடும்பச் சண்டையே நடக்குமாம். பிப்ரவரி 16-ஆம் தேதி வெட்டும் சிவப்பு ரோஜாவை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஐரோப்பாவுக்குப் போகும் பூ அதற்கும் முன்னதாகவே விமானம் ஏற வேண்டும். அங்கே கென்யாவின் நைவாஷா ஏரிக்கரைப் பண்ணைகளோடு போட்டி. பூமத்திய ரேகையை ஒட்டிய உயர்ந்த இடம். ஆண்டு முழுவதும் ஒரே அளவு பகல். அவர்களுக்குக் கவாத்துக் கணக்கு இவ்வளவு தலைவலி தராது என்று பொருமினார்.

ரோஜாவை முகர்ந்து பார்த்தேன். ஒன்றுமில்லை. சாலையோரத்தில் கூறுகட்டி விற்கும் பன்னீர் ரோஜாவின் வாசனையில் நூறில் ஒரு பங்கு கூட இல்லை. வாசனையைப் பற்றிக் கேட்டால் பண்ணைக்காரர்கள் சிரிக்கிறார்கள். நீண்ட காம்பு, கெட்டி இதழ், ஜாடியில் பல நாள் ஆயுள், பெட்டியில் நசுங்காத உடம்பு என்று ஒவ்வொரு குணமாகத் தேர்ந்தெடுத்துக் கலப்பினம் செய்தவர்கள், வாசனையைக் கேட்டு யாரும் காசு கொடுக்காததால் அதைக் கவனிக்காமல் விட்டுவிட்டார்கள். 2015-இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் மணமுள்ள ரகத்தையும் மணமில்லாத ரகத்தையும் ஒப்பிட்டுப் பார்த்து, மணம் தரும் ஜெரானியால் போன்ற பொருள்களை உண்டாக்குவதில் ‘ஆர்எச்என்யுடிஎக்ஸ்1’ என்ற மரபணுவுக்கு முக்கியப் பங்கு இருப்பதைக் கண்டார்கள். மணமில்லாத ரகத்தில் அது பெரும்பாலும் உறங்கிக் கிடக்கிறது. தட்டி எழுப்பினால் மணம் திரும்புமோ என்னவோ. திரும்பினால், மணக்கும் பூ சீக்கிரம் வாடுமே என்ற கவலை அண்ணனுக்கு இப்போதே வந்துவிட்டது.

அடுத்த குடிலின் கதவைத் திறந்ததும்தான் மைத்துனன் ‘ஆ’ என்றான். ஜெர்பரா. ரோஜாக் குடிலில் இல்லாத நிறமெல்லாம் இங்கே திறந்து கிடக்கின்றன. ஆரஞ்சு, இளஞ்சிவப்பு, வெள்ளை, எலுமிச்சை மஞ்சள், காபிப்பொடி நிறத்தில் கண் வைத்த சிவப்பு. ஜெர்பராவை மொட்டாக வெட்ட முடியாது. மொட்டிலேயே பறித்தால் அது அப்புறம் விரிவதில்லை. எனவே செடியிலேயே முழுக்க விரியவிட்டு, விரிந்தபின் எத்தனை நாள் என்று கணக்குப் பார்க்கிறார்கள்.

அந்தக் கணக்கைக் காட்டித் தந்தவர் பறிக்கும் வேலையில் இருந்த ஓர் அக்கா. ஐம்பது வயதிருக்கும். தெலுங்கில் பேசிக்கொண்டே வேலை செய்தவர் என்னிடம் தமிழுக்கு மாறினார். ‘பூவைப் பார்க்காதீங்க தம்பி, கண்ணைப் பாருங்க’ என்றார். ஜெர்பரா சூரியகாந்திக் குடும்பம். நாம் ஒரு பூ என்று நினைப்பது நூற்றுக்கணக்கான குறும்பூக்களின் கூட்டம். வெளியே நீண்ட இதழ் வைத்தவை ஒரு வகை. நடுவிலுள்ள கண் முழுக்கக் குட்டிக் குட்டிப் பூக்கள். அவை வெளிவட்டத்திலிருந்து உள்நோக்கி ஒவ்வொரு வரிசையாக மலரும். மலர்ந்த வரிசையில் மகரந்தம் மஞ்சள் தூளாகத் தெரியும். இரண்டு வரிசை தூள் கட்டினால் பறிக்கலாம். ஒரு வரிசை என்றால் காம்பு இன்னும் இளசு, ஜாடியில் வைத்ததும் கழுத்து மடங்கிவிடும். மூன்று நான்கு வரிசை என்றால் கிழடு. இதைச் சொல்லிக்கொண்டே குனிந்து, காம்பின் அடியில் கட்டைவிரலைக் கொடுத்துப் பக்கவாட்டில் ஒரு சாய்ப்பு, ஒரு சுண்டு. ‘பட்’டென்று காம்பு அடியோடு கழன்று வந்தது. கத்தியே கிடையாது. வெட்டினால் மிச்சமாகும் அடிக்கட்டை அழுகும், அழுகல் செடியின் குருத்துக்கு ஏறும். நான் ஒன்றைப் பறித்துப் பார்க்கட்டுமா என்று கேட்டதற்கு, செடியோடு பிடுங்கிவிடுவீர்கள் என்று மறுத்துவிட்டார். அவர் கொண்டையில் ஒரு முழம் கனகாம்பரம் இருந்தது. ஜெர்பரா வைத்துக்கொள்ள மாட்டீர்களா என்றேன். ‘இதை வைத்தால் கொண்டையா, கல்யாண மேடையா?’ என்றார்.

அவர் சொன்னது சரிதான். இது மேடைக்குப் பிறந்த பூ. சரம் தொடுக்க முடியாது, கோயிலுக்குப் போகாது, தலையில் நிற்காது. பிறந்த ஊர் தென்னாப்பிரிக்கா. அங்கே பார்பர்ட்டன் என்ற தங்கச்சுரங்க ஊருக்குப் பக்கத்தில் 1880-களில் ராபர்ட் ஜேம்சன் என்பவர் சேகரித்த காட்டுப்பூதான் இன்றைய ரகங்களின் மூதாதைகளில் ஒன்று. அறிவியல் பெயரில் ‘ஜேம்சோனி’ என்று அவர் இன்னும் இருக்கிறார். ஐரோப்பாவுக்குப் போய் உருமாறி, ஹாலந்தில் நிறம் கூட்டி, இப்போது திசு வளர்ப்புக் கன்றாக ஓசூர் செம்மண்ணுக்கு வருகிறது. செம்மண்ணோடு தொழு உரமும் நெல் உமியும் கலந்த மேட்டுப்பாத்தி, சதுர மீட்டருக்கு ஆறு செடி, குருத்து மண்ணுக்கு மேலே தெரியும்படி நடவு. குருத்தை மண் மூடினால் அழுகிவிடும். ஓர் ஏக்கருக்கு ஏறக்குறைய இருபத்துநாலாயிரம் கன்று. ஒவ்வொன்றும் முப்பது ரூபாய்க்கு மேல், ரகத்தை உருவாக்கிய நிறுவனத்துக்குச் சேர வேண்டிய உரிமத்தொகை உட்பட. மூன்று மாதத்தில் முதல் பூ. அதன்பின் இரண்டரை ஆண்டு போல நிற்காமல் பூக்கும்.

நிற்காமல் பூப்பது வரமாகத்தான் கேட்கும். 2020 மார்ச் இறுதியில் ஊரடங்கு வந்தபோது அதன் மறுபக்கம் தெரிந்தது. கல்யாணம் இல்லை, கோயில் இல்லை, விமானம் இல்லை. ஆனால் செடிக்கு ஊரடங்கு தெரியாது. பறிக்காமல் விட்டால் பழைய பூ செடியின் சத்தை உறிஞ்சும், நோய் பிடிக்கும். எனவே கூலி கொடுத்துப் பறித்து, குழியில் கொட்டினார்கள். சித்திரை, வைகாசி இரண்டும் முகூர்த்த மாதங்கள், ஆண்டு வருமானத்தின் முதுகெலும்பு. அந்த நாள்களைப் பற்றி அண்ணன் அதிகம் பேசவில்லை. நானும் கிளறவில்லை.

கார்னேஷனுக்கும் ஒரு குடில் ஒதுக்கிப் பார்த்திருக்கிறார். கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் நன்றாக வருகிற பூ. இங்கே பகலுக்கும் இரவுக்கும் வெப்ப வித்தியாசம் அதிகமானபோது, இதழைத் தாங்கும் பச்சைக் கிண்ணம் ஒருபக்கம் வெடித்து இதழ்கள் சரிந்துவிட்டன. வெடிக்காமலிருக்க ஒவ்வொரு மொட்டுக்கும் ரப்பர் வளையம் மாட்டலாம். மாட்டினார்களாம். ரப்பர் வளையச் செலவும் கூலியும் பூ விலையைத் தாண்டியதும் நிறுத்திவிட்டார்.

குளிரறைக்குப் போகும் வழியில் தரம் பிரிக்கும் கூடம். ஜெர்பராவுக்கு ஒவ்வொரு தலைக்கும் சின்ன பாலித்தீன் உறை, பத்துப் பூ ஒரு கட்டு, காம்பு குளோரின் கலந்த தண்ணீரில். ரோஜா இருபது ஒரு கட்டு, தலைப்பக்கம் நெளி அட்டை. கூடத்தில் வேலை செய்தவர்களில் பாதிப்பேர் ஒடிசாவிலிருந்து வந்த இளைஞர்கள். ஒருவர் இருபது மொட்டுகளின் உச்சியை ஒரே மட்டத்தில் நிறுத்தி, கால்பக்கத்தை வெட்டிச் சமன் செய்யும் வேகத்தைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம் போலிருந்தது. அறைக்குள் 2 முதல் 4 டிகிரி. கதவில் கையால் எழுதி ஒட்டியிருந்தது: ‘உள்ளே பழம் கொண்டுவரக் கூடாது.’ வாழைப்பழமும் ஆப்பிளும் பழுக்கும்போது வெளிவிடும் எத்திலீன் வாயு பூவையும் சேர்த்துக் கிழடாக்கிவிடும். கார்னேஷன் அதில் ரொம்பவே தொட்டாற்சிணுங்கி. யாரோ ஒரு பையன் மதியச் சாப்பாட்டுப் பையோடு இரண்டு பழத்தை உள்ளே வைத்து மறந்ததற்குப் பிறகு வந்த அறிவிப்பு அது. பூவும் பழமும் ஒரே தட்டில் வைத்துப் பழகிய நமக்கு இது கொஞ்சம் அநியாயமாகத்தான் படும்.

ராத்திரி வண்டி பெங்களூருக்குப் போகிறது. ஹெப்பாளில் உள்ள பன்னாட்டு மலர் ஏல மையத்தில் டச்சு முறை ஏலம். விலை மேலிருந்து கீழே இறங்கும், முதலில் பொத்தானை அழுத்துபவருக்குப் பூ. தயங்கினால் விலை குறையும், அதிகம் தயங்கினால் வேறொருவர் கொண்டுபோய்விடுவார். நம் ஊர் மீன் ஏலம் தெரிந்தவனுக்கு இது தலைகீழாக இருக்கும். மிச்சம் சென்னைக்கும் ஐதராபாத்துக்கும், மேடை அலங்காரக்காரர்களுக்கு நேரடியாகப் போகிறது. முகூர்த்தம் நெருங்கினால் ஒரு கட்டு ஜெர்பரா நூறு ரூபாயைத் தொடும். ஆடியில் இருபதுக்குக் கொடுத்தாலும் எடுக்க ஆளிருக்காது. பறிப்புக் கூலி, மருந்து, உறை, வண்டிக்கூலி எல்லாம் ஆடியிலும் அதேதான்.

அதைவிட அவரை எரிச்சலூட்டுவது பிளாஸ்டிக் பூ. மேடை அலங்காரக்காரர் ஒருமுறை வாங்கினால் ஐம்பது கல்யாணத்துக்கு ஓட்டிவிடுகிறார். கழுவிக் காயவைத்தால் புதுசு. பிளாஸ்டிக் பூவுக்குத் தடை வேண்டுமென்று மலர் விவசாயிகள் பல ஆண்டுகளாகக் கேட்டுவருகிறார்கள். அவர் கோபம் எனக்குப் புரிந்தது, அதிலிருக்கும் சிக்கலும் புரிந்தது. வாசனையில்லாத, வாடாத, நசுங்காத, எல்லாம் ஒரே அச்சில் வார்த்ததுபோன்ற பூவைக் கேட்டுக் கேட்டு வளர்க்கச் சொன்ன சந்தை, அந்தக் குணங்கள் அத்தனையும் சைனா பிளாஸ்டிக்கில் மலிவாகக் கிடைப்பதைக் கண்டுபிடித்துவிட்டது. மல்லிகைக்கு இந்த ஆபத்து குறைவு. பிளாஸ்டிக் மல்லிகையை முகர்ந்து பார்த்தால் ஏமாற்று உடனே தெரிந்துவிடும். இதை அண்ணனிடம் சொன்னேன். ‘மல்லிகைக்கு பேங்க்கில் எவன் இவ்வளவு கடன் கொடுப்பான்?’ என்று கேட்டார். பசுமைக்குடிலுக்கு அரசு மானியம் பாதி, மீதி வங்கிக் கடன். தவணை ஆடி மாதமும் வரும்.

ஒரு ஜெர்பராக் குடிலின் செடிகளுக்கு வயதாகிவிட்டது, பிடுங்கிவிடப் போகிறார். மறுபடி ஜெர்பரா நடுவதா என்று யோசனை. பக்கத்துப் பண்ணைகள் பலவும் வண்ணக் குடைமிளகாய்க்கு மாறிவிட்டன. அதே குடில், அதே சொட்டுநீர்க் குழாய், வேறு விதை. சிவப்பும் மஞ்சளும் செடியிலேயே நன்றாக நிறம் ஏறியபின் பறித்தால்தான் விலை. நிறம் ஏறாமலிருக்கக் குல்லாய் மாட்ட வேண்டியதில்லை, முகூர்த்தம் பார்க்க வேண்டியதில்லை. அண்ணிக்கு அதில் சம்மதம். அண்ணனுக்கு இன்னும் மனம் வரவில்லை. ஆவணி முகூர்த்தங்களில் பூ என்ன விலைக்குப் போகிறது என்று பார்த்துவிட்டு, நாற்றுக்கு முன்பணம் கட்டுவதா வேண்டாமா என்று முடிவு செய்வதாகச் சொன்னார்.